அப்பா படத்தைப் பெருசு பண்ணினேன், மச்சத்தைக் காணோம்

தேனிக்காரன் · திங்கள், இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் அப்பாவுக்கு முதல் வருஷ நினைவு நாள். ஊர்ல போஸ்டர் ஒட்டணும், வீட்டுக்கு ஒரு ஃப்ரேம் போடணும். கையில இருக்கிறது ஒரே ஒரு நல்ல படம். தங்கச்சி கல்யாணத்துல யாரோ செல்போன்ல எடுத்து, யார் யாரோ அனுப்பி, கடைசியா ஃபேமிலி குரூப்ல வந்தது. 720-க்கு 960 பிக்சல், 46 கே.பி. முகத்தை மட்டும் வெட்டினா 130 பிக்சல் அகலம்தான் வருது. பெருசு பண்ணினா கட்டம் கட்டமாத் தெரியுது. சட்டைக் காலரைச் சுத்தி கொசு மொய்க்கிற மாதிரி புள்ளி.

ஒரு ஏ.ஐ. ஆப்ல போட்டுப் பார்த்தேன். பத்து செகண்ட்ல பளபளன்னு குடுத்துச்சு, மீசை முடியை எண்ணலாம் போல. அம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்காரு, மச்சம் எங்கப்பா?"ன்னாங்க. அப்பாவுக்கு இடது கன்னத்துல மிளகு அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. அதைக் காணோம். இடது இமை லேசா இறங்கியிருக்கும், அதையும் நிமித்தி வெச்சிருக்கு. சித்தப்பா என்னடான்னா, "இதையே போடுடா, அண்ணன் பத்து வயசு குறைஞ்சாப்ல இருக்காரு"ங்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு. ஜிப் கோப்பைப் பிரிக்கிற மாதிரி, சுருக்கின படத்துல இருந்து பழைய படத்தை அப்படியே திரும்ப எடுக்க முடியுமா? அந்த மச்சம் இந்தக் கோப்புக்குள்ள எங்கயாவது இருக்கா?

சும்மா_வந்தேன் · திங்கள், இரவு 9.51

அந்த ஆப் பேரு என்ன ப்ரோ?

கட்டம்_போட்ட_சட்டை · திங்கள், இரவு 10.35

முதல் கேள்விக்குப் பதில், முடியாது. ரெண்டாவதுக்கு உங்களுக்குப் பிடிச்ச பதில் வர வாய்ப்பிருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி கோப்புக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பார்த்துடணும். நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கங்க.

ஜிப்பும், பி.என்.ஜி.ங்கிற பட வகையும் வேட்டியை மடிச்சுப் பெட்டியில வைக்கிற வேலை. பிரிச்சா அதே வேட்டி, ஒரு நூல் குறையாது. உங்க படம் இருக்கிற ஜேபெக் வகை தயிர் கடையிற வேலை. வெண்ணெயை வெச்சுக்கிட்டு மோரைக் கீழ ஊத்திடும்.

எதை ஊத்துதுன்னு பாருங்க. 4000-க்கு 3000 பிக்சல் படம்னா 1.2 கோடி பிக்சல். சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு பிக்சலுக்கும் 3 பைட். ஆக 36 எம்.பி. முதல்ல வெளிச்சத்தைத் தனியா, நிறத்தைத் தனியா பிரிக்கும். நம்ம கண்ணு வெளிச்சத்துல கெட்டி, நிறத்துல சோம்பேறி. அதனால நாலு பிக்சலுக்கு ஒரே நிறம் போதும்னு வெச்சுக்கும். அந்த ஒரு தந்திரத்துலயே 36 எம்.பி. 18 ஆயிடும். படத்தைப் பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது.

அப்புறம் படத்தை எட்டுக்கு எட்டா வெட்டும். நீங்க பார்த்த கட்டம் இதுதான். வார இதழ்ல கோலத்துக்குக் கீழ "8 புள்ளி 8 வரிசை"ன்னு போட்டிருக்குமே, அதே கணக்கு. ஜேபெக்கிட்ட 64 அடிப்படைக் கோலம் இருக்கு. முதல் கோலம் முழுக்க ஒரே பூச்சு. அடுத்தது இடமிருந்து வலம் மெதுவா மங்குறது. போகப் போக வரி நெருங்கி, 64-வது கோலம் சதுரங்கப் பலகை மாதிரி பொடிப்பொடியா இருக்கும். எந்தப் படத்துல இருந்து எந்தக் கட்டத்தை எடுத்தாலும் சரி, இந்த 64-ஐயும் வேற வேற அழுத்தத்துல ஒண்ணு மேல ஒண்ணு போட்டா அது வந்துடும். இந்தப் படியில எதுவும் தொலையல, 64 எண் உள்ள போச்சு, 64 எண் வெளிய வந்துச்சு.

இதுக்குப் பேரு டி.சி.டி. பெங்களூர்ல பிறந்த நசீர் அகமது 1972-ல இந்த யோசனையை வெச்சுக்கிட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைகிட்ட நிதி கேட்டார். ரொம்ப எளிமையா இருக்குன்னு மறுத்துட்டாங்க. விடாம டி. நடராஜன், கே.ஆர். ராவ் ரெண்டு பேரோட சேர்ந்து 1974 ஜனவரியில கட்டுரையா வெளியிட்டார். 1992-ல அது ஜேபெக் தரத்துக்குள்ள வந்து உக்காந்துச்சு.

நிறத்துல போனது போக, பெருசாத் தொலையிறது அடுத்த படியில. ஒவ்வொரு கோலத்தோட அழுத்தத்தையும் ஒரு எண்ணால வகுத்து முழு எண்ணாக்கும். ஜேபெக் தரத்தோட சேர்த்துக் குடுத்த உதாரண அட்டவணையில முதல் கோலத்துக்கு 16, கடைசிக் கோலத்துக்கு 99. அழுத்தம் 37 இருந்தா 37/16 = 2.3, எழுதிக்கிறது 2. விரிக்கிறப்ப 2 x 16 = 32. அஞ்சு போச்சு. கடைசிக் கோலத்தோட அழுத்தம் 40 இருந்தா 40/99 = 0.4, எழுதிக்கிறது 0. நாற்பதும் போச்சு. அந்த 0 முன்னாடி 40-ஆ இருந்துச்சா, 3-ஆ இருந்துச்சா, மைனஸ் 12-ஆ இருந்துச்சான்னு கோப்புக்கே தெரியாது. அப்புறம் நாம எங்க போய்த் தேட? ஆப்ல "தரம் 40, தரம் 80"ன்னு தள்ளுறோமே, இந்த வகுக்கிற எண்களைத்தான் தள்ளுறோம். கடைசியா வரிசையா நிக்கிற 0-க்களைச் சுருட்டி, 1952-ல ஹஃப்மன் சொன்ன முறையில எழுதும். அது மறுபடி வேட்டி மடிக்கிற வேலைதான், நஷ்டமில்லை.

இப்ப மச்சம். முகம் 130 பிக்சல்னா ஒரு பிக்சல் சுமார் ஒரு மில்லிமீட்டர். மிளகுன்னா நாலு பிக்சல், அதாவது கட்டத்துல பாதி. பொடிக் கோலத்துல மட்டும் இருக்கிற சமாச்சாரம் இல்லை அது. நடுத்தரக் கோலங்கள்லயும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஆப் குடுத்ததை விடுங்க. குரூப்ல வந்த படத்தை நாலு மடங்கு பெருசு பண்ணி இடது கன்னத்தைப் பாருங்க.

தேனிக்காரன் · திங்கள், இரவு 10.58

பார்த்தேன் அண்ணா. சாம்பல் கலர்ல ஒரு கறை. ஓரம் கலைஞ்சு, பாதி ஒரு கட்டத்துல, பாதி பக்கத்துக் கட்டத்துல. அம்மா "இதான், இதான்"ங்கிறாங்க.

அப்ப இவ்வளவு நாள் இருந்த மச்சத்தை ஆப்தான் துடைச்சிருக்கா?

கட்டம்_போட்ட_சட்டை · திங்கள், இரவு 11.04

ஆமா. சுருக்கினதுல வந்த அழுக்குன்னு நினைச்சிருக்கும். அது பார்த்த லட்சக்கணக்கான முகத்துல கன்னம்னா வழவழன்னுதான் இருந்திருக்கும்.

பழைய_நெகடிவ் · செவ்வாய், காலை 6.20

தம்பி, நான் 1986-லருந்து மதுரையில ஸ்டூடியோ வெச்சிருக்கேன். ஒரு விஷயம் சொல்றேன், எல்லாரும் குறிச்சுக்கங்க. ஜேபெக் படத்தை அடிக்கடி திறந்து பார்க்காதீங்க, பென்டிரைவ்ல மாத்தி மாத்தி காப்பி பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவையும் தேயும். கேசட் மாதிரிதான் இதுவும்.

கட்டம்_போட்ட_சட்டை · செவ்வாய், காலை 8.10

ஐயா, மரியாதையோட மறுக்கிறேன். திறக்கிறதாலயும் காப்பி எடுக்கிறதாலயும் ஒரு பிட் கூடத் தேயாது. திறந்து, ஏதோ மாத்தி, மறுபடி சேமிக்கிறப்பதான் வகுக்கிற வேலை திரும்ப நடக்குது. அதுலயும் அதே கட்டம், அதே அட்டவணைன்னா ரெண்டாவது தடவை நஷ்டம் ரொம்பக் குறைச்சல், ஏன்னா 32-ஐ 16-ஆல வகுத்தா மிச்சமே இல்லாம 2 வரும். ஓரத்துல நாலு பிக்சல் வெட்டினாத்தான் கட்டமெல்லாம் நகர்ந்து, பழைய கட்டத்தோட வடுவையே புதுசா அளக்க ஆரம்பிக்கும். குரூப்பு குரூப்பாப் போற படம் கெடுறது இதனாலதான். ஒவ்வொருத்தரும் கொஞ்சம் வெட்டுவாங்க, கீழ "இனிய காலை வணக்கம்" எழுதுவாங்க, ஆப் வேற அளவுக்கு மாத்தும்.

பழைய_நெகடிவ் · செவ்வாய், காலை 8.31

சரி, ஒத்துக்கறேன். ஆனா ஏ.ஐ.யை இப்படி வையிறது எனக்கு நியாயமாப் படல. நாங்க என்ன யோக்கியமா? நெகடிவ் மேல மீடியம் தடவி, ஊசியாட்டம் சீவின பென்சிலால டச்சிங் பண்ணினவங்கதானே. மச்சம் நெகடிவ்ல வெளுப்பா இருக்கும். பென்சிலால நிரப்பிட்டா பிரிண்டுல காணாமப் போயிரும். அம்மைத் தழும்பு, முகப்பரு, கண்ணுக்குக் கீழ கருவளையம், எல்லாத்தையும் எடுத்திருக்கோம். பொண்ணு பார்க்கக் குடுக்கிற படம்னா மூக்கையே லேசா சன்னமாக்குவோம். உங்க தாத்தா பாட்டி படத்துல பாதி எங்க கைவேலை. அன்னைக்கு யாரும் "இது எங்க அப்பா இல்லை"ன்னு சண்டைக்கு வரல.

ஸ்கேன்_அக்கா · செவ்வாய், மதியம் 1.15

ஐயா, நீங்க பென்சில் எடுக்கறப்ப ஆளைப் பார்த்திருப்பீங்க இல்லீங்களா? எதை எடுக்கறோம்னு தெரிஞ்சு எடுத்தீங்க. இந்த ஆப்புக்கு எடுத்ததும் தெரியாது, வெச்சதும் தெரியாது.

பழைய_நெகடிவ் · செவ்வாய், மதியம் 1.40

அது வாஸ்தவம்தாம்மா. கேட்டுட்டுத்தான் செய்வோம். "மச்சத்தை எடுக்கவா"ன்னா முக்காவாசிப் பேர் "அய்யய்யோ வேணாம்"பாங்க. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துல அங்க அடையாளம்னு "இடது கன்னத்தில் ஒரு மச்சம்" எழுதியிருக்கும்ல. படத்துல மச்சம் இல்லாட்டி நாளைக்கு எங்கயாவது வம்பாகும்னு பயம்.

ஒன்ராறியோ_குளிர் · செவ்வாய், இரவு 7.05

வணக்கம். நான் கனடாவில இருந்து எழுதுறன். மற்றப் பக்கத்தையும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில நாங்கள் யாழ்ப்பாணத்தால வெளிக்கிடேக்க அல்பம் ஒண்டும் எடுக்கேல்லை. அப்பப்பாவின்ர முகம் எண்டு எங்களிட்ட மிஞ்சினது அவற்ர அடையாள அட்டையின்ர போட்டோக் கொப்பி ஒண்டுதான். அதையும் ஆரோ படமெடுத்து, ஃபக்ஸில அனுப்பி, பிறகு ஸ்கான் பண்ணி வைச்சிருந்தவை. கண் ரெண்டும் கறுப்புக் குழி, மூக்கு ஒரு கோடு. போன வருசம் என்ர மகன் அதை ஏஐக்குக் குடுத்து ஒரு முகம் எடுத்தவன். அது அப்பப்பாவோ இல்லையோ எண்டு சொல்ல இப்ப ஒருத்தரும் உயிரோட இல்லை. அப்பா பார்த்திட்டு அழுதவர். அப்பாவுக்கு அவர் போகேக்க நாலு வயசு, அவருக்கும் முகம் ஞாபகமில்லை. படம் இப்ப சாமியறையில கிடக்குது. என்ர பிள்ளையளுக்கு அதுதான் பூட்டன்.

பிழையெண்டு எனக்கும் தெரியும். ஆனா கழட்ட மனம் வரேல்லை.

தேனிக்காரன் · செவ்வாய், இரவு 9.30

அக்கா, கழட்ட வேணாம். பின்பக்கம் அந்த போட்டோக் காப்பியையும் ஒட்டி வைங்க. உங்க பேரப்பிள்ளைங்க ஒருநாள் திருப்பிப் பார்க்கட்டும்.

புது_மாடல் · செவ்வாய், இரவு 11.20

சென்னையில பி.எச்.டி. பண்றேன், படத்தை மீட்கிற வேலைதான் என் தலைப்பும். எல்லா மீட்பையும் "ஏ.ஐ."ன்னு ஒரே மூட்டையில கட்டாதீங்க. கட்டம் அண்ணன் சொன்ன கணக்கையே எடுத்துக்கலாம். கோப்புல 2-ன்னு இருக்கு, வகுத்த எண் 16. அப்படின்னா பழைய அழுத்தம் 24-க்கும் 40-க்கும் நடுவுல எங்கயோ இருந்திருக்கு. அது உறுதி. சாதாரண ஆப் நடுவுல இருக்கிற 32-ஐக் கண்ணை மூடிக்கிட்டு எடுக்குது. நல்ல மீட்பு என்ன செய்யும்னா, பக்கத்துக் கட்டத்தோட விளிம்பு ஒட்டுற மாதிரி 24-க்கும் 40-க்கும் நடுவுல ஒரு எண்ணைத் தேடும். கட்டம் மறையும், கொசு குறையும், கோப்பு சொன்னதுக்கு எதிரா ஒண்ணும் சேராது. மச்சத்தோட கறையும் அப்படியே இருக்கும்.

கட்டம்_போட்ட_சட்டை · புதன், காலை 7.45

அதையே சோதனையா வெச்சுக்கலாமே. மீட்ட படத்தை அதே அட்டவணையால மறுபடி சுருக்கிப் பார்க்கணும். கையில இருக்கிற பழைய கோப்பே வந்தா அந்த மீட்பு யோக்கியம். வேற வந்தா எங்கயோ புளுகியிருக்கு.

புது_மாடல் · புதன், காலை 9.02

பாதி சரி அண்ணா. தேறலைன்னா புளுகுன்னு அடிச்சுச் சொல்லலாம். தேறிட்டா உண்மைன்னு சொல்ல முடியாது. 2020-ல டியூக் பல்கலைக்கழகத்துல பல்ஸ்னு ஒண்ணு பண்ணினாங்க. 16-க்கு 16 பிக்சல்ல ஒரு முகம் குடுத்தா 1024-க்கு 1024-ல முகம் தரும். அதோட முறையே நீங்க சொல்ற சோதனைதான். சுருக்கினா இந்த 16-க்கு 16 வருதான்னு பார்த்துப் பார்த்து முகம் தேடும். ஒபாமா படத்தைக் கட்டங்கட்டமாக்கி யாரோ அதுல போட்டாங்க. வெளிய வந்தது ஒரு வெள்ளைக்காரர். அந்த வெள்ளைக்காரரைச் சுருக்கினா ஒபாமாவோட அதே கட்டங்களுக்கு ரொம்ப நெருக்கமா வரும்! கணக்குப் பாருங்க. 256 பிக்சலை வெச்சுக்கிட்டு 10 லட்சத்துச் சொச்சம் பிக்சல் வரையணும். தெரிஞ்ச ஒரு பிக்சலுக்கு 4,096 பிக்சல். அந்த 256-க்கும் பொருந்துற முகம் எத்தனையோ இருக்கு. கருவி தான் அதிகமாப் பார்த்த ஜாடையில ஒண்ணை எடுத்துக் குடுக்கும், அவ்வளவுதான்.

தேனிக்காரன் அப்பாவுக்கு இமை நிமிர்ந்ததும் அப்படித்தான்.

சும்மா_வந்தேன் · புதன், காலை 9.10

எல்லாம் சரி, ஆப் பேரு மட்டும் யாரும் சொல்லல.

ஸ்கேன்_அக்கா · புதன், இரவு 8.48

நைட் டூட்டிக்குக் கிளம்பறதுக்குள்ள எழுதிடறனுங்க. கோயமுத்தூர்ல எம்.ஆர்.ஐ. எடுக்கற வேலை எனக்கு. கொஞ்சமா அளந்து முழுப்படம் கட்டறது எங்களுக்குத் தினப்படி சோறு. நோயாளி அசையாம மூச்சைப் பிடிச்சுட்டுப் படுக்கணும், குழந்தைங்க அரை நிமிஷம் கூட இருக்காது. எல்லாத்தையும் அளந்தா நேரம் பத்தாது, அதனால வேணும்னே பல இடத்தை அளக்காம விடுவோம். இதுக்குப் பின்னால ஒரு பெரிய கணக்கு இருக்குங்க. கேண்டஸ், ராம்பர்க், டெரன்ஸ் டாவ்னு மூணு கணக்கு ஆராய்ச்சியாளருங்க 2006-ல கட்டுரை வெளியிட்டாங்க. தலையோட குறுக்குவெட்டு மாதிரி ஒரு சோதனைப் படம், 512-க்கு 512. மையத்துல இருந்து சுத்திப் போற 22 கோடு மேல மட்டும் அளந்தாங்க. மொத்தத்துல அஞ்சு சதவீதம் கூட வராது. அதை வெச்சு முழுப்படத்தையும் பிசகில்லாமக் கட்டிட்டாங்க. டோனஹோன்னு இன்னொரு ஆராய்ச்சியாளரும் அதே வருஷம் இதைப் பத்தி எழுதினாரு. 2017-ல அமெரிக்காவுல மெஷின்லயே இந்த முறையைப் போட்டு விக்க அனுமதி கிடைச்சுது.

அப்ப எங்களுக்கு முடியறது இவரோட அப்பா படத்துக்கு ஏன் முடியலைன்னு யோசிச்சேன். எங்களுக்கு எதை விடறோம்னு அளக்கறதுக்கு முன்னாடியே தெரியும். அளக்கற ஒவ்வொரு எண்ணுலயும் முழுப்படத்தோட சாயல் கொஞ்சம் கலந்திருக்கற மாதிரி அளப்போம். ஜேபெக் முழுசாப் பார்த்துட்டு, உங்க கண்ணுக்கு இது வேண்டாம்னு முடிவு பண்ணிக் கொட்டுது. கொட்டினது வேற எந்த எண்ணுக்குள்ளயும் ஒளிஞ்சு இருக்காதுங்க.

இப்ப எங்க பக்கமும் ஏ.ஐ. மீட்பு வந்துட்டிருக்கு. படம் அழகா இருக்குன்னு டெக்னீஷியன் சந்தோஷப்படுவோம். டாக்டருங்க கேக்கறது ஒரே கேள்விதான், "இந்தச் சின்னப் புள்ளி நிஜமா அங்க இருக்கா?" புள்ளி இல்லாத இடத்துல வந்தாலும் கஷ்டம், இருந்த இடத்துல போனாலும் கஷ்டம்.

கட்டம்_போட்ட_சட்டை · புதன், இரவு 10.15

அக்கா சொன்னதும் 2013 ஞாபகம் வருது. டேவிட் கிரீசல்னு ஒரு ஜெர்மன்காரர், ஒரு வீட்டு வரைபடத்தை ஜெராக்ஸ் கம்பெனி மெஷின்ல ஸ்கேன் பண்ணினார். மூணு அறை, 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேன் பண்ணி வந்த தாள்ல மூணுமே 14.13. மங்கலா இல்லை, தெளிவா அச்சடிச்ச மாதிரி 14.13! அந்த மெஷின் ஜேபிக்2-னு ஒரு முறையில சுருக்குது. ஒரே மாதிரி இருக்கிற எழுத்துத் துண்டுகளைக் கண்டுபிடிச்சு, ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு மத்த இடத்துலயும் அதையே ஒட்டும். "ஒரே மாதிரி"ங்கிறதுல கொஞ்சம் தாராளமா இருந்துட்டா 6 எல்லாம் 8 ஆகும். கம்பெனி அப்புறம் மென்பொருளைத் திருத்திக் குடுத்துச்சு.

ஜேபெக் கெட்டா கண்ணுக்குத் தெரியும், கட்டம் கட்டமா "நான் கெட்டுப்போயிருக்கேன்"னு அதுவே காட்டிக்குடுக்கும். இந்த வகை கெட்டா யாருக்கும் தெரியாது. உங்க அம்மா பார்த்திருக்காட்டி மச்சத்தை யார் தேடியிருப்பா?

பழைய_நெகடிவ் · புதன், இரவு 10.40

வாத்தியார்களா, எல்லாம் சரி. அந்தத் தம்பிக்குப் போஸ்டர் அடிக்கணும். அதுக்கு வழி சொல்லுங்க.

முகத்தை மட்டும் வெட்டிப் பெருசாக்காதீங்க தம்பி. முழுப்படத்தையும் போடுங்க. 720 பிக்சலை 12 அங்குல அகலத்துல அடிச்சா அங்குலத்துக்கு 60 பிக்சல். கையில வெச்சுப் பார்க்கிற படத்துக்குப் பத்தாது. சுவத்து போஸ்டரை யாரும் மூக்கை ஒட்டிக்கிட்டுப் பார்க்க மாட்டாங்க, பத்தடி தள்ளி நிப்பாங்க, போதும். ஃப்ரேமுக்குத்தான் வேற படம் வேணும். அப்பா எங்கயாச்சும் கடன் வாங்கியிருப்பாரு, சங்கத்துல உறுப்பினரா இருந்திருப்பாரு. பாஸ்போர்ட் சைஸ் ஒண்ணு எங்கயாவது ஒட்டியிருக்கும், தேடுங்க. அசல் பிரிண்ட் கிடைச்சா 600 டி.பி.ஐ.ல, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளின்னு ஸ்கேன் பண்ணுங்க. 35 மில்லிமீட்டர் அகலம் 827 பிக்சல் வரும். அதுக்கு மேல 1200, 2400-ன்னு போனா பேப்பரோட நெசவுதான் கிடைக்கும், அப்பா கிடைக்க மாட்டாரு.

புது_மாடல் · புதன், இரவு 11.05

கூட ஒண்ணு. கல்யாண வீடியோ இருக்கா? ஒரே முகம் தொடர்ச்சியா 20, 30 ஃபிரேம்ல இருந்தா ஒவ்வொண்ணுலயும் பிக்சல் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து விழுந்திருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு சரியாப் பொருத்தினா நிஜமாவே விவரம் கூடும்.

தேனிக்காரன் · சனி, மாலை 5.18

கிடைச்சிருச்சு!!

வீடியோ தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட இருக்கு, அது அப்புறம். கூட்டுறவு சங்கத்துப் பழைய பாஸ்புக் பீரோ அடியில இருந்துச்சு. உள்ள அப்பா படம், பாஸ்போர்ட் சைஸ், கறுப்பு வெள்ளை. இடது இமை இறங்கி இருக்கு. மச்சம் கறுப்பா, கூர்மையா இருக்கு. ஒரே குறை, சங்கத்து ஊதா சீல் பாதி தோள்பட்டை மேல விழுந்திருக்கு.

பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல குடுத்து, "600 டி.பி.ஐ., டிஃப்ல வேணும்"னு (எதையும் கொட்டாம வெச்சுக்கிற கோப்பு வகை) எழுதியே குடுத்தேன். வீட்டுக்கு வந்து பென்டிரைவைத் திறந்தா 200-க்கு 230 பிக்சல், 38 கே.பி. ஜேபெக்! திரும்பப் போய்க் கேட்டா அந்தத் தம்பி, "சாரிண்ணா, பாஸ்போர்ட் சைஸைப் பார்த்ததும் பேங்க் எக்ஸாமுக்குன்னு நினைச்சுட்டேன். 20-லருந்து 50 கே.பி.க்குள்ள இருக்கணும்ல, கை தானாப் பண்ணிருச்சு"ங்கிறான். சிரிக்கிறதா திட்டுறதான்னு தெரியல. உக்கார வெச்சுத் திரும்ப எடுத்தோம். கையெழுத்தும் 10-லருந்து 20 கே.பி.க்குள்ள வேணுமான்னு கேட்டான், நானும் சிரிச்சுட்டேன்.

ஸ்கேன்_அக்கா · சனி, மாலை 5.40

அந்தத் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க.

பழைய_நெகடிவ் · சனி, இரவு 7.12

டிஃப் கோப்பை எனக்கு மெயில்ல அனுப்புங்க தம்பி. குரூப்ல கிரூப்ல போட்டுடாதீங்க. சீலை மட்டும் நான் கையால எடுத்துத் தர்றேன். தோள்பட்டையில சட்டைத் துணிதான், பக்கத்துல இருக்கிற துணியை எடுத்து நிரப்பிடலாம். எந்த இடத்தைத் தொட்டேன்னு வட்டம் போட்ட இன்னொரு பிரதியும் சேர்த்து அனுப்புறேன். கழுத்துக்கு மேல கை வைக்க மாட்டேன். காசெல்லாம் வேணாம்.

ஒன்ராறியோ_குளிர் · சனி, இரவு 11.50

தேனித் தம்பி, நல்ல சந்தோசம். நீங்கள் சொன்ன மாதிரி அந்தக் கொப்பியை ஃபிரேமுக்குப் பின்னால ஒட்டிப்போட்டன். மகன் திகதியும் எழுதி, "இது கணினி கீறினது" எண்டும் எழுதிவிட்டவன்.

தேனிக்காரன் · 5 வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.05

எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். ஃப்ரேம் 10-க்கு 12-ல போட்டாச்சு. ஐயா சீலை எடுத்த இடம் எனக்கே தெரியல. வட்டம் போட்ட பிரதியை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். அம்மா மாலை போடுறப்ப மச்சத்தை மறைக்காத மாதிரி பூவை ஒதுக்கி விட்டாங்க.

போஸ்டருக்குக் கல்யாணப் படத்தை முழுசாவே போட்டோம். சித்தப்பாவுக்கு இன்னும் மனசு ஆறல. பஸ் ஸ்டாண்டுல நின்னு பார்த்துட்டு, "கொஞ்சம் மங்கலா இருக்குடா, அந்தப் பளபளப்புப் படம் இருந்துச்சே"ங்கிறார்.

சும்மா_வந்தேன் · ஞாயிறு, காலை 10.09

சித்தப்பாவுக்கும் எனக்கும் ஒரே கேள்விதான் ப்ரோ. ஆப் பேரு?